கடல் நடுவே அன்னையின் திருவிழா
நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயில் வரலாறு

கொங்கு நாட்டவராகிய நமக்கு இறைவி மலைமகளாகவும் ஆற்றங்கரைத் தெய்வமாகவுமே பெரிதும் விளங்குகின்றாள். நீலகிரியின் அடிவாரத்தில் பவானி நதியின் நீரைப் பருகி வாழும் மேட்டுப்பாளையத்து மக்கள், தேக்கம்பட்டியில் அந்நதியின் கரையிலே எழுந்தருளியுள்ள வனபத்திரகாளியம்மனைத் தம் குலக்காவல் எனக் கொண்டாடுவர். ஆடித் திங்கள் செவ்வாய்க்கிழமையில் அங்கே குண்டம் இறங்கும் அன்பர்களின் கூட்டத்தைக் கண்டவர், விழா என்னும் சொல்லின் பொருளை நூல்களில் தேட வேண்டுவதில்லை. நெருப்பும் ஆறும் அருகருகே நிற்க, நடுவே அன்னையின் அருள் நிற்கும் காட்சி அது.

அந்த அன்னையே நாற்புறமும் உப்புக்கடல் சூழ்ந்த ஒரு சிறு நிலத்துண்டில் கோயில் கொண்டு, ஆண்டுதோறும் ஆனித் திங்களில் பெருவிழாக் காண்கின்றாள். ஈழத்தின் வடகோடியில், யாழ்ப்பாணத்தை அடுத்துள்ள தீவுகளுள் ஒன்றாகிய நயினாதீவே அவ்விடம். நாகபூஷணி அம்மன் என்பது அன்னையின் திருநாமம். குடமுழுக்கு மங்கலம் நிகழும் இந்நன்னாளில், நம் ஊரிலிருந்து தொலைவில் உள்ள அத்தீவின் கதையை இம்மலரில் ஏன் எழுத வேண்டும் என அன்பர்கள் வினவலாம். கோயில் எடுப்பதும் அதனைக் காப்பதும் எத்தகைய பணி என்பதை அத்தீவின் வரலாறு காட்டுவது போலக் காட்டும் வரலாறுகள் சிலவே. அதனாலேயே இதனை எழுதத் துணிந்தேன்.

தீவின் அமைப்பு

யாழ்ப்பாண நகரிலிருந்து பண்ணைப் பாலத்தின் வழியே வேலணைத் தீவை அடைந்து, அங்கிருந்து மற்றொரு கடற்பாலத்தின் வழியே புங்குடுதீவைக் கடந்தால் குறிகாட்டுவான் என்னும் இறங்குதுறை வரும். அதற்கப்பால் சாலை இல்லை. படகு ஒன்றே வழி. ஏறக்குறைய அரைமணி நேரத்துக்குள் அப்படகு நயினாதீவின் கரையை எட்டும். கரையை அணுகும்பொழுதே கிழக்கு வாயிலின் உயர்ந்த இராசகோபுரம் கண்ணுக்குப் புலனாகும். படகில் உள்ளோர் கைகளைத் தலைமேற் குவிப்பர்.

தீவின் பரப்பு நான்கு சதுர கிலோமீட்டரைச் சற்றே மிஞ்சும். அங்கே நிலையாக வாழ்வோர் தொகை மூவாயிரத்துக்கு உட்பட்டதே. ஆறு இல்லை, மலை இல்லை. பனையும் மணலும் கிணறுகளும் கடலுமே அம்மக்களின் செல்வம். மீன்பிடியும் சிறு பயிர்த்தொழிலும் வெளியூர் வாணிகமும் அவர்தம் பிழைப்பு. இத்துணைச் சிற்றூர், விழாக்காலத்தில் தன் மக்கள்தொகையினும் பன்மடங்கான அடியார் கூட்டத்தை எதிர்கொண்டு, உணவும் நிழலும் தண்ணீரும் அளித்து வழியனுப்புகின்றது. இதுவே அத்தீவின் முதற் பெருமை.

நாகமும் கருடனும்

இத்தலத்தைப் பற்றி வழிவழியாக வழங்கும் கதை ஒன்று உண்டு. அண்டையிலுள்ள தீவொன்றிலிருந்து நாகம் ஒன்று நாள்தோறும் மலரை வாயிற் கவ்விக் கடலை நீந்திக் கடந்து வந்து அன்னைக்குச் சாத்தி வழிபட்டு வந்தது. ஒருநாள் கருடன் அதனைக் கண்டு கொல்லப் பாய்ந்தான். நாகம் கடலிடையே இருந்த பாறை ஒன்றைச் சுற்றிக்கொண்டு உயிர் காக்க முயன்றது. கருடன் எதிரே இருந்த மற்றொரு பாறையில் அமர்ந்து காத்திருந்தான். அவ்வேளையில் காவிரிப்பூம்பட்டினத்து வணிகன் ஒருவன் மரக்கலத்தில் அவ்வழியே வந்தான். நாகத்தின் துன்பத்தைக் கண்டு மனம் இரங்கி, அதனை விட்டுவிடுமாறு கருடனை வேண்டினான். நாகம் வழிபட்ட அன்னைக்கு அழகிய கோயில் ஒன்று எடுப்பதாக உறுதி கூறினால் விடுவேன் என்றான் கருடன். வணிகன் இசைந்தான். கருடனும் அன்னையின் அடியாரைத் துன்புறுத்திய குற்றம் நீங்கக் கடலில் மும்முறை மூழ்கி எழுந்து சென்றான். வணிகன் சொன்ன சொல்லைக் காத்துக் கோயில் எழுப்பினான்.

பாம்பு சுற்றிய கல் என்றும் கருடன் கல் என்றும் இரு பாறைகளை இன்றும் படகோட்டிகள் அடியார்க்குச் சுட்டிக்காட்டுவர். சக்தி பீடங்கள் அறுபத்து நான்கனுள் இத்தலமும் ஒன்று எனவும், அன்னையின் திருச்சிலம்பு வீழ்ந்த இடம் எனவும் அடியார்கள் போற்றுவர். கருவறையில் அன்னையுடன் விளங்கும் ஐந்தலை நாகத்தைத் தானே தோன்றியதாகக் கொண்டு வணங்குவர். நாக தோடம் நீங்கவும் மகப்பேறு வாய்க்கவும் நேர்ந்துகொண்டு வருவோர் பலர்.

கதையை வரலாறாகக் கொள்ள வேண்டுமா என்று ஆராய்வோர் கேட்பர். அக்கேள்வி முறையானதே. ஆயினும், கதையின் உட்பொருளை நோக்குதல் வேண்டும். பகையுடைய இருவரை ஒருவன் இன்சொல்லால் பிரித்து, ஓர் உயிரைக் காத்து, அதற்கு விலையாகத் தன் பொருளைக் கோயிலாக்கினான் என்பது அக்கதை. கோயில் கட்டும் பொருள், இரக்கத்தினின்று பிறந்த பொருளாக இருத்தல் வேண்டும் என்பதை நம் முன்னோர் கதையிலேயே வைத்துச் சென்றனர். திருப்பணிக்கு ஈந்த அன்பர்கள் இதனை எண்ணிப் பார்த்தல் நன்று.

மணிபல்லவமும் அமுதசுரபியும்

மணிமேகலைக் காப்பியம் கற்றோர்க்கு மணிபல்லவத் தீவு புதியதன்று. மணிமேகலா தெய்வம் மணிமேகலையைப் புகார் நகரினின்றும் எடுத்துச் சென்று சேர்த்த இடம் அது. புத்தபெருமானுடைய பாத பீடிகை அங்கே இருந்தது என்றும், அப்பீடத்துக்காக நாகநாட்டு அரசர் இருவர் போரிட்டபொழுது புத்தர் தோன்றி அப்பகையை அடக்கினார் என்றும் அந்நூல் கூறும். மணிபல்லவத்தில் கோமுகி என்னும் பொய்கை இருந்தது. ஆபுத்திரன் நீத்துச் சென்ற அமுதசுரபி வைகாசித் திங்களின் நிறைமதி நாளில் அப்பொய்கையில் தோன்றும். அதனை மணிமேகலை பெற்று, பசித்தோர் அனைவர்க்கும் அன்னம் இட்டாள்.

இம்மணிபல்லவமே நயினாதீவு என்று கருதும் அறிஞர் பலர் உளர். ஈழத்துப் பௌத்தர்களின் பழைய நூலாகிய மகாவம்சமும், நாகதீபத்தில் சூளோதரன், மகோதரன் என்னும் நாக அரசர் இருவர் மணியாசனம் ஒன்றற்காகப் பொர எழுந்ததையும், புத்தர் அவர்களைச் சமாதானப்படுத்தியதையும் உரைக்கின்றது. நாகதீபம் என்பது முற்காலத்தில் யாழ்ப்பாணக் குடாநாடு முழுமைக்கும் வழங்கிய பெயர் என்பதை வல்லிபுரத்தில் கிடைத்த பொன்னேடு காட்டுகின்றது. இன்று நயினாதீவில் அம்மன் கோயிலுக்குச் சிறிது தொலைவிலேயே நாகதீப விகாரை என்னும் பௌத்தப் பள்ளி உள்ளது. தென்னிலங்கையிலிருந்து சிங்களப் பௌத்தர்கள் அங்கே யாத்திரையாக வருகின்றனர். ஒரே இறங்குதுறையில், பெரும்பாலும் ஒரே படகில், இரு சமயத்தாரும் அருகருகே அமர்ந்து வந்து, கரையேறியபின் இரு வழியாகப் பிரிந்து செல்வர். பகைத்த இருவர் இணங்கிய கதை இரு சமயத்தாரிடத்தும் அத்தீவைப் பற்றியே வழங்குவது நாம் உன்னத்தக்கது.

அமுதசுரபியைப் பற்றிய நினைவு அத்தீவில் ஏட்டளவில் நின்றுவிடவில்லை. அம்மன் கோயிலைச் சார்ந்த அன்னதான மண்டபத்துக்கு அமுதசுரபி என்றே பெயர். திருவிழாக் காலத்தில் அங்கே உணவு கொள்வோர் ஆயிரக்கணக்கினர். உற்றார் இன்னார் எனக் கேட்கும் வழக்கம் அங்கில்லை. பசித்து வந்தவர் பந்தியில் அமர்வர், இலை விரிக்கப்படும். தீவுக்கு அரிசியும் பருப்பும் காய்கறியும் விறகும் படகேறியே வர வேண்டும் என்பதை நினைத்தால், அப்பந்தியின் அருமை விளங்கும்.

கல் கூறும் செய்தி

கதையும் காப்பியமும் இவ்வாறாக, உறுதியான சான்று ஒன்றும் அக்கோயிலில் உள்ளது. அது தமிழ்க் கல்வெட்டு. அதனைப் பொறிப்பித்தவன் பொலன்னறுவையிலிருந்து ஈழத்தை ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு என்னும் சிங்கள அரசன். அவன் ஆண்ட காலம் கி.பி. 1153 முதல் 1186 வரை. கல்வெட்டின் பொருள் நம்மை வியப்பில் ஆழ்த்துவது. பூசைக்கு விட்ட நிலத்தையோ விளக்குக்கு ஈந்த ஆட்டையோ அது கூறவில்லை. மரக்கலங்களைப் பற்றிய சட்டத்தை அது கூறுகின்றது.

ஊராத்துறை என்னும் துறைமுகத்துக்குப் பரதேசிகள் வந்து தங்க வேண்டும். அவர்கள் காக்கப்பட வேண்டும் என்பது அரசனின் ஆணை. ஊராத்துறை என்பது இன்று ஊர்காவற்றுறை எனப்படும் துறை. யானைகளையும் குதிரைகளையும் ஏற்றிவரும் மரக்கலங்கள் உடைந்து போனால், அவற்றில் நாலில் ஒரு பங்கைப் பண்டாரம் கொள்ளும். மூன்று பங்கு உடையவர்க்கே சேரும். பிற வணிகப் பண்டங்களை ஏற்றிவரும் கலங்கள் உடைந்தால், சரிபாதி பண்டாரத்துக்கும் சரிபாதி உடையவனுக்கும் ஆகும். இச்சட்டம் மறவாமல் நிலைக்கும்பொருட்டுக் கல்லிலும் செம்பிலும் வெட்டுவிக்கப்பட்டது.

இதனை ஆராய்ந்து பார்ப்போம். கடலில் உடைந்த கலத்தின் பண்டம் முழுவதையும் கரையில் உள்ள அரசனோ மக்களோ கைப்பற்றிக்கொள்ளும் வழக்கம் அக்காலத்தில் பல நாடுகளில் இருந்தது. அவ்வழக்கத்துக்கு ஓர் அளவு வகுத்து, துன்பத்தில் வீழ்ந்த வணிகனுக்கு அவன் பொருளில் ஒரு பங்கை உறுதி செய்தது இவ்வாணை. யானையும் குதிரையும் அரசனுடைய படைக்கு வேண்டியவை. அவற்றைக் கொண்டுவருவோர் அஞ்சாமல் வருதல் வேண்டும் என்பதற்காகவே அவர்க்கு மிகுதியான சலுகை தரப்பட்டது என்பது வெளிப்படை. ஆணையிட்டவன் சிங்கள மன்னன். ஆணையின் மொழியோ தமிழ். துறைமுகத்தில் வாழ்ந்தோர்க்கும் கடல் கடந்து வந்த வணிகர்க்கும் விளங்கிய மொழி தமிழே ஆதலின், அம்மொழியில் அது வெட்டப்பட்டது.

நாகத்தைக் காத்த வணிகனின் கதையும், கலம் உடைந்த வணிகனைக் காக்கும் இக்கல்வெட்டும் ஒரே கோயிலில் நிற்பது பொருத்தமாகவே தோன்றுகின்றது. அன்னையின் கோயில் கடலோடிகளின் அடைக்கலம் என்பது கதையிலும் உண்டு, கல்லிலும் உண்டு.

கடல் நமக்கு அயல் என்று கொங்கு நாட்டவரும் முழுதும் ஒதுங்கிவிட இயலாது. நொய்யலாற்றங்கரைக் கொடுமணலில் அகழ்ந்து கண்ட மணித்தொழிற் கூடங்களும், கொங்கில் ஆங்காங்கே கிடைத்த உரோம நாணயங்களும், நம் முன்னோர் பட்டை தீட்டிய மணிகள் கடல் கடந்து சென்றன என்பதற்குச் சான்று பகர்கின்றன. அம்மணிகளைச் சுமந்த மரக்கலங்களுக்கும் புயல் உண்டு, பாறை உண்டு, காக்கும் தெய்வமும் வேண்டியிருந்தது.

அழிவும் ஆக்கமும்

1619இல் யாழ்ப்பாண அரசு போர்த்துக்கேயரிடம் வீழ்ந்தது. அதன்பின் யாழ்ப்பாணத்துப் பழங்கோயில்கள் ஒவ்வொன்றாக இடிக்கப்பட்டன. நல்லூர்க் கந்தசுவாமி கோயிலும் அவ்வாறே அழிந்தது. நயினாதீவு அம்மன் கோயிலும் அக்காலத்தில் தகர்க்கப்பட்டது. 1658இல் போர்த்துக்கேயரை வென்று வந்த ஒல்லாந்தர் யாழ்ப்பாணத் தீவுகளுக்குத் தம் நாட்டு ஊர்ப்பெயர்களை இட்டனர். நெடுந்தீவு டெல்ப்ட் ஆயிற்று. நயினாதீவு ஹார்லெம் ஆயிற்று. நெடுந்தீவுக்கு இட்ட பெயர் இன்றும் ஆங்கிலத்தில் வழங்குகின்றது. நயினாதீவுக்கு இட்ட பெயரோ ஏட்டோடு மறைந்தது. நாக வழிபாட்டோடு பிணைந்த பழம்பெயரே மக்கள் நாவில் நிலைத்தது.

பதினெட்டாம் நூற்றாண்டில் தீவு மக்கள் கோயிலை மீண்டும் எழுப்பினர். இடிபட்ட காலத்துக்கும் எழுப்பிய காலத்துக்கும் இடையே நூறாண்டுக்கு மேற்பட்ட இடைவெளி உண்டு. அதாவது, இடித்த நாளைக் கண்டவர் ஒருவரும் எழுப்பிய நாளைக் கண்டிருக்க வழியில்லை. தாத்தன் சொல்லப் பேரன் கேட்டு, அவன் தன் மகனுக்குச் சொல்லி, நினைவு ஒன்றினாலேயே அன்னையின் இருப்பிடம் காக்கப்பட்டது. செங்கல்லும் சுண்ணமும் இல்லாத காலத்தில் நாவே கோயிலாக நின்றது எனலாம்.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வேறு வகையான துன்பம் வந்தது. 1983 முதல் 2009 வரை நீண்ட உள்நாட்டுப் போர் அத்தீவுகளையும் விட்டுவைக்கவில்லை. 1985 மே 15 அன்று நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினி என்னும் படகில் பயணம் செய்த எளிய மக்கள் பலர் நடுக்கடலிற் கொல்லப்பட்டனர். படகன்றி வேறு வழியில்லாத தீவு மக்களுக்குப் படகே அச்சமான காலம் அது. 1990களில் தீவுப்பகுதி மக்கள் பல்லாயிரவர் வீடு வாசல்களை விட்டு இடம்பெயர்ந்தனர். கடல் கடந்து கனடாவுக்கும் பிரான்சுக்கும் சுவிட்சர்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும் சென்றோர் பலர். வேலணையிலும் புங்குடுதீவிலும் கூரையிழந்து நிற்கும் வீடுகளை இன்றும் வழிநெடுகக் காணலாம். திருவிழாவுக்கு வரும் அடியார்கள் அவ்வீடுகளைக் கடந்தே வருகின்றனர்.

போர் ஓய்ந்தபின் திருப்பணி விரைந்தது. 2012ஆம் ஆண்டின் தொடக்கத்தில், நாற்றிசையும் கோபுரங்கள் விளங்க மகா கும்பாபிஷேகம் நிறைவேறியது. சிறு தீவின் கரையில் படகுகள் நெருங்கி நிற்க, கடலலையும் மனித அலையும் கலந்தாற்போல் அன்று கூட்டம் திரண்டது. சிதறிப்போன ஒரு மக்கட்கூட்டம் தன் முகவரியை மீண்டும் கண்டுகொண்ட நாள் அது.

பதினாறு நாட் பெருவிழா

ஆனித் திங்களின் நிறைமதியைத் தீர்த்த நாளாகக் கொண்டு பெருவிழா வகுக்கப்பட்டுள்ளது. கொடியேற்றம் முதலாகத் தொடங்கி, பதினான்காம் நாள் தேர், பதினைந்தாம் நாள் தீர்த்தம், பதினாறாம் நாள் தெப்பம் என விழா நிறைவுறும்.

நம் கொங்கு நாட்டில் மாரியம்மன் விழா பூச்சாட்டுதலோடு தொடங்கும். கம்பம் நட்டு, இளைஞர் அதனைச் சுற்றி ஆடுவர். மாவிளக்கும் தீர்த்தக்குடமும் எடுத்துப் பெண்டிர் வருவர். இறுதியில் கம்பம் நீரிலே விடப்படும். நயினாதீவிலோ ஆகம முறைப்படி கொடிமரத்தில் கொடி ஏறும். இரண்டும் வேறுபட்டவை போலத் தோன்றும். ஆயினும் ஊர் முழுவதும் ஒன்றாகக் கட்டுண்டு, விழா முடியும்வரை அன்னையின் ஆணையில் நிற்கின்றது என்னும் கருத்து இரண்டுக்கும் பொது. ஒன்று நீரிலே தொடங்கி நெருப்பிலே உச்சமடைகின்றது. மற்றொன்று கொடியிலே தொடங்கிக் கடலிலே நிறைவடைகின்றது.

ஒவ்வொரு நாள் விழாவும் ஓர் உபயகாரர்க்கு உரியது. தந்தை செய்த உபயத்தை மகன் செய்வான். மகன் வெளிநாட்டில் இருந்தால் பணம் அனுப்புவான். கூடுமானால் தானே வந்து நிற்பான். யாழ்ப்பாணத்துக் கோயில்களின் வழக்கப்படி ஆடவர் மேலாடை களைந்தே திருக்கோயிலுள் புகுவர். வெளிநாட்டில் உயர்ந்த பதவியில் இருப்பவனும், அன்று காலை வலையைக் கரையில் உலர்த்திவிட்டு வந்தவனும், வேட்டியோடு அருகருகே நிற்பர். நாதசுரமும் தவிலும் யாழ்ப்பாணத்து மண்ணில் எத்துணை உயர்வு பெற்றவை என்பது இசையறிந்தோர்க்குத் தெரியும். இரவில் அன்னை வாகனத்தில் எழுந்தருளும்பொழுது, தவிலொலியும் கடலொலியும் ஒன்றையொன்று மறைக்காமல் கேட்கும்.

தேர் நாளன்று விடியுமுன்பே குறிகாட்டுவானில் வரிசை நிற்கும். ஆனித் திங்கள் சோளகக் காற்று வீசும் காலம். கடல் கொந்தளித்துப் படகு ஏறி இறங்கும். முதியோர் கண்ணை மூடி அம்மன் பெயரை உச்சரிப்பர். குழந்தைகள் தாயின் மடியை இறுகப் பற்றுவர். கரையேறியதும் காவடியும் பாற்செம்பும் கற்பூரச்சட்டியும் ஏந்தியோர் வீதியை நிறைப்பர். தேர் வடத்தை ஒருபுறம் ஆடவரும் ஒருபுறம் மகளிரும் பற்றுவர். அங்கப்பிரதட்சணம் செய்வோர் சுடுமணலில் உருண்டு வருவர். வீதியோரத்தில் தண்ணீர்ப் பந்தலும் மோர்ப் பந்தலும் இருக்கும். மறுநாள் அன்னை கடற்கரைக்கு எழுந்தருளித் தீர்த்தமாடுவாள். நிறைமதி நாளாதலின் கடலும் பொங்கி நிற்கும். தெப்ப நாளில் ஒளிவிளக்கு நிறைந்த தெப்பம் அன்னையைச் சுமந்து நீரிலே மிதக்கும்.

விழா முடிந்த மறுநாள் தீவு மீண்டும் அமைதியாகிவிடும். வந்தவர் படகேறிச் செல்வர். எஞ்சியவர் வீதியைப் பெருக்குவர். அடுத்த ஆண்டுக்கான கணக்கு அன்றே தொடங்கும்.

தீவுகளில் நம்மவர்

கடல் கடந்து சென்ற தமிழர் தெய்வத்தையும் உடன் கொண்டு சென்றனர் என்பதற்கு நயினாதீவு மட்டுமே சான்றன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டக் கூலிகளாக மொரீசியசுக்கும் ரீயூனியனுக்கும் ஏற்றப்பட்ட தமிழர், அத்தீவுகளில் தீமிதியையும் காவடியையும் நிலைநாட்டினர். மொழி தளர்ந்த தலைமுறையினரும் தீக்குழியின் முன் நோன்பு காத்து நிற்கின்றனர். மொரீசியசில் தைப்பூசம் பொது விடுமுறை நாள். நம் வனபத்திரகாளியம்மன் குண்டத்தில் எரியும் நெருப்பின் பொறிகள் இந்துமாக் கடலின் நடுவிலும் எரிகின்றன என்று கூறினால் மிகையாகாது. இலண்டன் மாநகரின் என்பீல்டுப் பகுதியில் நாகபூஷணி அம்பாள் திருநாமத்தாலேயே ஆலயம் எழுந்துள்ளது. தீவை விட்டு மக்கள் போயினர். அன்னையும் அவர்களோடு போயினாள். ஆயினும் தன் பழம்பீடத்தைவிட்டு அவள் அகலவில்லை.

நாம் கொள்ளத்தக்க பாடம்

மேட்டுப்பாளையத்தாராகிய நமக்கு ஈழத்தமிழரோடு உள்ள தொடர்பு ஏட்டில் கண்டதன்று, கண்ணாற் கண்டது. 1964 அக்டோபரில் சிறிமாவோ, சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தான பின்னர், ஈழத்து மலையகத் தேயிலைத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்த இந்திய வம்சாவளித் தமிழர் இலட்சக்கணக்கில் தாயகம் திரும்பினர். அவர்களுள் பலர்க்கு நீலகிரியில் வாழ்வு அமைந்தது. அவர்களுக்கு வேலை தரும்பொருட்டே தமிழக அரசு 1968 முதல் அங்கே தேயிலைத் தோட்டங்களை அமைத்தது. மலையேறு முன் அவர்கள் மிதித்த சமவெளி நம் ஊர். போர் மூண்டபின் ஈழத்திலிருந்து வந்தோர்க்கு அமைந்த முகாம்களுள் ஒன்று நம் மேட்டுப்பாளையத்திலும் உண்டு. அவர்களுள் எத்துணையோ பேர்க்கு ஊர் என்பது ஒரு கோயிலின் பெயராகவே நெஞ்சில் நிற்கும்.

ஆதலின் குடமுழுக்குக் காணும் இவ்வேளையில் மூன்று கருத்துக்களை அன்பர்கள் முன் பணிவோடு வைக்கின்றேன்.

முதலாவது, கோபுரத்துக்கு ஈயும் கை, பந்திக்கும் ஈதல் வேண்டும். கோபுரத்தைத் தொலைவிலிருந்து வணங்குவர். பந்தியில் அருகிருந்து உண்பர். அமுதசுரபியின் பெயரை அடுப்பங்கரைக்குச் சூட்டிய தீவு மக்களின் உள்ளம் நமக்கும் வாய்க்குமாக.

இரண்டாவது, திருப்பணியின் வரலாற்றை எழுதி வைத்தல் வேண்டும். பராக்கிரமபாகு தன் ஆணையைக் கல்லிலும் செம்பிலும் வெட்டுவித்ததனாலன்றோ எண்ணூறு ஆண்டுக்குப் பின்னும் நாம் அதனைப் படிக்கின்றோம்? நம் கோயிலின் எந்த மண்டபத்தை யார் எப்போது கட்டினார், எந்த ஆண்டில் எந்தத் தேர் ஓடியது என்பவற்றை நம் பேரப்பிள்ளைகள் அறிய வேண்டுமானால், இன்றே குறித்து வைத்தல் வேண்டும். இம்மலரும் அத்தகைய ஒரு குறிப்பே.

மூன்றாவது, தன் ஊரை இழந்து வந்தவர்க்கு நம் கோயில் அயலிடமாகத் தோன்றலாகாது. நம் திருவிழாவில் அவர்கள் ஒதுங்கி நின்று பார்ப்பவராக இல்லாமல், வடம் பிடிப்பவராகவும் உபயம் ஏற்பவராகவும் நிற்றல் வேண்டும். நாகத்தைக் காத்த வணிகன் அத்தீவினன் அல்லன், வேற்றூரான். வேற்றூரான் காட்டிய இரக்கத்தாலேயே அன்னைக்கு அங்கே கோயில் எழுந்தது. அவனை அந்தத் தீவு தன்னவனாகவே இன்றும் நினைக்கின்றது.

கருவறை விளக்கு ஒருவர் ஏற்றி ஒருவர் காப்பது. யாழ்ப்பாணத்தில் இடிக்கப்பட்ட கோயிலை நூறாண்டுக்குப் பின் எழுப்பியோரும், போரில் சிதறிப் பின் திரும்பிவந்து கோபுரம் எடுத்தோரும், அவ்விளக்கை அணையாமல் காத்தவர்களே. பவானியின் கரையில் நாம் ஏற்றும் விளக்கும் அவ்வொளியின் ஒரு பகுதியே.

கடல் நடுவே கோயில் கொண்ட நாகபூஷணியும், காட்டாற்றின் கரையில் வீற்றிருக்கும் வனபத்திரகாளியும், இக்குடமுழுக்கிற் புதுப்பொலிவு பெறும் நம் அன்னையும் ஒருத்தியே. அவள் திருவருளால் மழை பொழிக, பவானி பெருகுக, கடலோடுவோர் நலமே கரை சேர்க, ஊர் இழந்தோர் ஊர் பெறுக, ஈந்த கைகள் குறையாது நிறைக.